ரொட்டிக்காரரின் படர்தாமரை

கையைக் கழுவிய உடனே சலாஹுதீன் மாவைத் தொடமாட்டார். ஒவ்வொரு விரலிடுக்கையும் துணியால் ஒற்றி, முன்கையைத் திருப்பிப் பார்த்து, பிறகுதான் உருண்டையை எடுப்பார். மலேசியாவின் ஈப்போவில், ஒரு சாப்பாட்டுக் கடையில் இருபத்திரண்டு வருடமாக அவர் வீசும் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய்தான் என் காலை உணவு. வீசும்போது விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவிப்பார்; சத்தம் மட்டும் வராது.

சென்ற ஆண்டு அவருடைய வலது முன்கையில் ஒரு சிவப்பு வளையம் தோன்றியது. சந்தையில் யாரோ விற்ற களிம்பைப் பூசினார். அரிப்பு அடங்கியது; வளையமோ முழங்கைவரை படர்ந்தது. பக்கத்து ஊரான லகாட்டிலிருந்து வரும் லாரி ஓட்டுநர் தர்மேந்திரன் அதைக் கண்டதும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். அன்றே முதலாளி சலாஹுதீனை ரொட்டிக் கல்லிலிருந்து விலக்கி, ஆர்டர் எடுக்க விட்டார். அந்த வேலையில் அவர் படுமோசம். பால் சேர்க்காத தேநீரான தே ஓ கேட்ட எனக்கு மூன்று நாள் தொடர்ந்து மைலோ வந்தது. அவர் முகத்தைப் பார்த்து, அதையே குடித்தேன்.

மனைவி குல்ஜார் பேகம்தான் அவரைக் கிளினிக்குக்கு இழுத்துப்போனார். டாக்டர் விமலா தோலைச் சுரண்டிப் பார்த்து, இது படர்தாமரை, ஒரு வகைப் பூஞ்சை என்றார். களிம்பு சிவப்பை மறைத்துப் பூஞ்சையைக் கொழுக்க வைத்ததாம்.

“பூனை ஏதும் தூக்குறீங்களா, அண்ணே?” என்று கேட்டார் டாக்டர்; பூனையிடமிருந்தும் இது ஒட்டுமாம்.

கடைக்குப் பின்னால் காதோரம் முடி உதிர்ந்த குட்டி ஒன்று இருந்தது. தினமும் அதைக் கையில் ஏந்திக் கொஞ்சுவார். முதலாளி விரட்டச் சொன்னார். இவரோ அட்டைப்பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார். இருவருக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் நடந்தது. வீட்டில் அவருக்குத் தனித் துண்டு. அரிப்பு நின்ற பிறகும், டாக்டர் சொன்ன நாள்வரை மருந்தை விடவில்லை.

“இந்தப் பூஞ்சைப் பய செத்த தோலத்தான் தின்னுவானாம். சூடா, ஈரமா எடம் கெடச்சா எந்திரிக்கவே மாட்டான் லா. நம்ம கஸ்டமர் மாதிரியேதான்” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஆறு வாரம் கழித்து அவர் கல்லுக்குத் திரும்பிய காலையில் தர்மேந்திரனும் வந்திருந்தார். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சலாஹுதீன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். ஒரு ரொட்டியை வீசிச் சுட்டு, வெறுங்கைகளால் பட்பட்டென்று தட்டிக் குலைத்து, தாமே கொண்டுபோய் தர்மேந்திரன் முன்னால் வைத்தார். அவர் முதல் துண்டைப் பிய்த்து வாயில் போடும்வரை, இடுப்பில் கைவைத்தபடி அங்கேயே நின்றார்.