யாரையும் ஏற்ற முடியாத கார்

பாண்டிச்சேரியில் வந்திறங்கிய மூன்று நாளில் என் செருப்பின் விலையை ஐந்து பேர் கேட்டுவிட்டார்கள். பால் பூத்தில் ஒருவர், மாவு மில்லில் இருவர், கோயில் வாசலில் இருவர். உண்மையைச் சொன்னால் "அடேயப்பா, இதுக்கா?" என்கிறார்கள். குறைத்துச் சொன்னால் "அந்த ஊருல அவ்ளோதானா?" என்று ஏமாந்துபோகிறார்கள். பாரிஸ் புறநகரில் என் எதிர்வீட்டுக்காரி பதினாறு வருஷமாக எனக்குப் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்கிறாள், நான் என்ன வேலை செய்கிறேன் என்றுகூட இதுவரை கேட்டதில்லை. அங்கே இருந்தால் யாராவது எதையாவது கேட்க மாட்டார்களா என்றிருக்கும். இங்கே வந்தால் ஏன்தான் கேட்கிறார்களோ என்று எரிச்சல் வரும். அதுவும் இந்த முறை, வெளியில் சொல்ல வாய் வராத ஒரு விலை என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்பட்டேன். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். வயது ஐம்பத்து நாலு. கணவர் போய் ஒன்பது வருஷம். முதியோர் இல்லத்தில் வெள்ளைக்காரக் கிழவர்களைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டும் வேலை. நான் பஸ் மாறும் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பழைய கார் விற்கும் கடை இருக்கிறது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் போன மாதம் அது வந்து நின்றது. கரும்பச்சை நிறம், மேல்கூரையைத் திறந்து மூடலாம், இரண்டே இருக்கை. அதில் யாரையும் ஏற்ற முடியாது என்பதுதான் எனக்கு முதலில் பிடித்த விஷயம். ஏனென்றால் அதற்கு முன் இருபது வருஷம் நான் ஓட்டிய ஐந்து கதவு வண்டி என்னுடையதாகவே இருந்ததில்லை. ஊரிலிருந்து யார் பாரிசுக்கு வந்தாலும் "தெரேஸ் இருக்காளே, கூட்டிட்டுப் போவா" என்று விமானம் ஏறிவிடுவார்கள். அரிசி மூட்டை, ஊறுகாய், கருவாடு, எவரெவருடைய மாமியாரோ, எல்லாவற்றையும் சுமந்து அந்த வண்டி போன குளிர்காலத்தில் உயிரை விட்டது. கடைசிவரை கருவாட்டு வாசம் போகவில்லை.

ஒருநாள் துணிந்து கடைக்குள் போனேன். விற்பனையாள் சின்னப் பையன், முப்பது இருக்கும். "மகனுக்குப் பரிசா, மதாம்?" என்றான். எனக்குத்தான் என்றேன். உடனே முகத்தில் இரக்கம் வந்தது. இருக்கை ரொம்பத் தாழ்வு, ஏறி இறங்கச் சிரமம் என்றான். பாண்டிச்சேரியில் சாரம் பகுதியில், தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான், மணையில் உட்காருவதுபோல ஒரே மடக்கில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஏறிய அவன்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினான். "யோகா செய்கிறீர்களா?" என்று மரியாதையோடு கேட்டான். சோறு தின்றேன் என்றேன். ஏதோ பெரிய தத்துவம் சொல்லிவிட்டதுபோலத் தலையாட்டினான். நான் ஊருக்குக் கிளம்புவதைச் சொன்னதும், அடுத்த திங்கள் மாலைவரை யாருக்கும் விற்காமல் வைத்திருக்கிறேன் என்றான்.

என் மகன் லூக்கா, அங்கேயே பிறந்தவன், சைக்கிளில் வேலைக்குப் போகிறவன். "அம்மா, பூமி எரிகிறது, நீ அதில் பெட்ரோல் ஊற்றப்போகிறாயா?" என்று பிரெஞ்சில் ஒரு பிரசங்கமே வைத்தான். பாதி மனசு எனக்கே வேண்டாம் என்றது. முதுகு என்ன ஆகும், இன்ஷூரன்ஸ் என்ன ஆகும், அந்தக் காசுக்குப் பாண்டிச்சேரி உப்பளம் பக்கம் ஒரு பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமே என்ற கணக்கு வேறு. யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லவேண்டும்போல இருந்தது. ஊருக்கு வந்ததும் அண்ணன் மனைவி மேரி அண்ணியிடம் மட்டும் போட்டோவைக் காட்டினேன். அவள் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "என்னா அழகுடி" என்றாள். அவளுக்குப் பின்னால் நின்று அண்ணனும் பார்த்திருக்கிறான், அது எனக்குத் தெரியாது.

ஞாயிறு காலைப் பூசைக்குப் போனோம். எங்கள் ஊர் மாதா கோயில்களில் அன்றைய பூசையை யார் எதற்காக ஒப்புக்கொடுக்கிறார்கள் என்று முதலில் மைக்கில் வாசிப்பது வழக்கம். இறந்தவர்களின் பெயர்கள் போயின, ஒரு கல்யாண நாள் போனது. பிறகு, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் கணீரென்று வாசித்தார்: "பிரான்சில் வசிக்கும் தெரேஸ் அம்மாளின் மகன் லூக்கா புதிய கார் வாங்கியதற்கு நன்றியாக." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். "புள்ள நல்லா வந்துட்டான்!" "எத்தினி பேர் போலாம்?" இரண்டு பேர் என்றேன். "அய்யோ, ரெண்டே பேரா?" என்று துக்கம் விசாரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன். "இன்னாண்ணே இது? நான் இன்னும் வாங்கவே இல்ல. வாங்குனாலும் எனக்குத்தான். லூக்கா எங்க வந்தான்?"

"முன்னாடியே நன்றி சொல்லிட்டா தடங்கல் வராது. நல்லதுக்குத்தான் குடுத்தேன்."

"என் பேர்ல குடுக்கிறதுதானே?"

"வூட்டுக்காரர் போன பொம்பள ஸ்போர்ட்ஸ் காரு வாங்கினான்னு மைக்ல படிக்கச் சொல்றியா? புள்ள பேர்ல போட்டா மரியாதையா இருக்குது." சொல்லிவிட்டு நிம்மதியாக இட்லியைப் பிட்டான். அவன் கெட்டவனில்லை, அதுதான் கொடுமை. எனக்கு உதவி செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தான். பிரான்சில் ஒரு கடைக்காரன், பாண்டிச்சேரியில் கூடப்பிறந்தவன், இருவருக்குமே கார் என்றால் அது மகனுக்குத்தான். இரண்டு நாடும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை, இதில் மட்டும் கைகோத்துக்கொண்டன. அழுகை முட்டியது. அழுதால் அதற்கும் ஒரு பூசை வைப்பான் என்று அடக்கிக்கொண்டேன்.

திங்கள் மதியம் நேராக உபதேசியாரிடம் போனேன். அடுத்த ஞாயிறுக்கு எழுதச் சொன்னேன்: தெரேஸ், தனக்காகக் கார் வாங்கியதற்கு நன்றியாக. பேனாவை நிறுத்திவிட்டார். "தனக்காகன்னு வேணுமாம்மா? குடும்ப நலனுக்காகன்னு போட்டுடறேனே?"

"நான் சொன்ன மாதிரியே எழுதுங்க."

எழுதினார். கோயில் வளாகத்திலேயே நின்று பாரிசில் அந்தக் கடைப் பையனுக்கு போன் போட்டு, வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். பெயர் என்ன போடவேண்டும் என்று கேட்டான். என் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.

சனிக்கிழமை சென்னை விமான நிலையத்துக்கு அண்ணன் வண்டியில் ஏழு பேர் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். அண்ணி என் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். காதருகில் குனிந்து, "அந்த இன்னொரு சீட்டு யாருக்குடி?" என்றாள்.

"யாருக்கும் இல்ல அண்ணி."

"நான் வந்தா?"

முன் இருக்கையிலிருந்து அண்ணன் திரும்பாமலே சொன்னான்: "உனக்குப் பாஸ்போர்ட்டே இல்ல, அந்தக் காரு ஒண்ணுதான் கொறச்சல்!" வண்டியே சிரித்தது. அண்ணியும் சிரித்தாள், சிரித்தபடியே என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை. ஏற்றுகிறேன் என்று அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போது தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறேன். வெயில் அடித்தால் கூரையைத் திறந்துவிடுகிறேன். பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் பார்க்கிறார்கள், எவ்வளவு என்று ஒருவரும் கேட்பதில்லை. அண்ணி கேட்ட அந்தப் பக்கத்து இருக்கையில் நான் எதையும் வைப்பதில்லை. கைப்பையைக்கூட என் முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டுதான் ஓட்டுகிறேன்.