ஐந்து பொத்தான்களும் என் அவசரக் கையும்

என் மகளுக்கு எட்டு வயதில் சட்டையைக் கழற்றத் தெரியும், போடத் தெரியாது. இதில் பாதிக் குற்றம் என்னுடையது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மீதிப் பாதியைக் கொச்சி மழையின் தலையில் கட்டலாம்.

அப்போது எழுபதுகளின் கடைசி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நாங்கள் மட்டாஞ்சேரிக்கு வந்து பத்து வருடமாகியிருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு தமிழ் ஓட்டலில் தோசை மாஸ்டர். நான் கடைத்தெருவில் ஒரு பாண்டிகசாலையில் சுக்கு பிரிக்கிற வேலைக்குப் போனேன். சரக்குக் கிடங்கை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். முற்றத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, குவியலிலிருந்து நல்லது, சொத்தை, உடைசல் என்று பிரித்துப் போடவேண்டும். அந்த முற்றத்தில் என் கை வேகத்துக்கு ஆளில்லை. பக்கத்தில் இருப்பவள் ஒரு முறம் முடிப்பதற்குள் நான் இரண்டு முடித்துவிட்டு, அவள் முறத்திலும் கை வைத்துவிடுவேன். யாராவது ஒரு வேலையை மெதுவாகச் செய்வதைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்தப் பிள்ளை பிறந்தாள்.

மூன்று வயதில் நடந்தாள். ஐந்து வயதில் பேச ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி டாக்டர், "வளர்ச்சி மெதுவா இருக்கும், ஒவ்வொண்ணா வரும், அவசரப்படுத்தாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். நடையும் பேச்சும் ஒருவழியாக வந்துவிட்டன. விரல்கள்தான் பின்தங்கிவிட்டன. பென்சில் பிடித்தால் நழுவும், தம்ளரைத் தூக்கினால் சாயும். பொத்தானை விரல்களுக்கு நடுவில் பிடித்து நிறுத்துவதற்குள் அது ஓடிவிடும். அவள் தடுமாறும்போது பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. காலையில் சட்டை, பாவாடை, பின்னல், ரிப்பன் எல்லாவற்றையும் இரண்டே நிமிஷத்தில் நானே முடித்துவிடுவேன். அவள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் போதும். எவ்வளவு நல்ல அம்மா என்று என்னையே நான் மெச்சிக்கொண்ட காலம் அது.

பள்ளிக்கூடம் என்றால் அவளுக்கு உயிர். வீட்டில் தமிழ், அங்கே மலையாளம். பாடம் எவ்வளவு ஏறியது என்பது வேறு விஷயம். ஆனால் டீச்சர் பேர் கூப்பிடும்போது "ஹாஜர்" என்று சொல்லவேண்டும் என்பது மட்டும் அவளுக்கு அப்படியே பிடித்துவிட்டது. வீட்டில் எதற்குக் கூப்பிட்டாலும் "ஹாஜர்" என்பாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் ஹாஜர். எண்ணெய் தேய்க்கக் கூப்பிட்டால் மட்டும் பதில் வராது.

அந்த வருடம் ஜூன் மாதம் மழை பிடித்தது. அவளுக்கு ஈரத்துணி உடம்பில் பட்டால் ஆகாது. குடை பிடித்துப் போனாலும் தோள்பட்டை நனையும். வகுப்பில் போய் உட்கார்ந்ததும் சட்டையைக் கழற்றி பெஞ்சில் காயப்போட்டுவிட்டு, ஷிம்மியோடு சந்தோஷமாக இருப்பாள். டீச்சர் போட்டுவிட்டால் மறுபடியும் கழற்றுவாள். பிள்ளைகள் சிரிக்கும், இவளும் சேர்ந்து சிரிப்பாள்.

தலைமை ஆசிரியையாக இருந்த சிஸ்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். உட்காரச் சொல்லி, சாயா வரவழைத்துக் கொடுத்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஈரச் சட்டையை அவள் கழற்றுவதில் தப்பில்லை, உலர்ந்த சட்டை ஒன்றைப் பையில் கொடுத்துவிடுங்கள், ஆனால் அதை அவளே போட்டுக்கொள்ளவேண்டும் என்றார். டீச்சருக்கு ஐம்பது பிள்ளைகள். ஓணம் விடுமுறை முடிந்து வரும்போது தானே போட்டுக் காட்டட்டும். இல்லாவிட்டால் இந்த வருடம் வீட்டில் இருக்கட்டும், "அடுத்த கொல்லம் நோக்காம்" என்றார்.

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இவளைப் போன்ற பிள்ளை ஒரு தடவை பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் அந்த அடுத்த வருஷம் வரவே வராது. எங்கள் தெருவிலேயே அப்படி ஒருத்தன் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே வளர்ந்துகொண்டிருந்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன். குடை இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்கே நானும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து யோசித்தோம். அவளுடைய வெள்ளைச் சட்டை பக்கத்து வீட்டுப் பையன் போட்டு வளர்ந்த பழசு. அதில் ஐந்து பொத்தான்கள், எல்லாம் பொடிப்பொடியாக இருக்கும். அவர் சட்டைப் பொத்தான் பெரியது. அவர் பலகையில் உட்கார்ந்தால் அது அவள் கண்ணுக்கு நேராகவும் இருக்கும். முதலில் பெரியதில் பழகட்டும் என்று முடிவு செய்தோம். எங்கள் புத்திசாலித்தனத்தை நாங்களே பாராட்டிக்கொண்டோம்.

ஓட்டலுக்கு அவர் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பக் கிளம்பவேண்டும். நாலு மணிக்கே சட்டையைத் திறந்துபோட்டுக்கொண்டு பலகையில் உட்கார்ந்துவிடுவார். தோசைக்கல் முன்னால் நிற்கிற மனுஷனுக்கு அவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. ஒரு பொத்தானுக்கு ஒரு வாரம் ஆனது. நான் உள்ளே புகுந்து மாட்டிவிடப் போனால், "ஏ புள்ள, நீ போய் அரிசியக் களை" என்று விரட்டுவார். களைந்த அரிசியையே இன்னொரு தடவை களைவேன்.

ஆவணி பிறந்த சமயம், ஒருநாள் அவர் சட்டையில் ஐந்து பொத்தானையும் மாட்டிவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் திறந்த சட்டையோடு யாரும் நடமாட முடியவில்லை. சாயாக்கடைச் சேட்டனை நிறுத்தி மாட்டினாள். மீன்காரர் கூடையை இறக்கி வைத்துவிட்டு நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்பார். தபால்காரர் இவளுக்காகவே மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவார். கடிதம் இல்லாத நாளிலும் வருவார். "மோளே, ஒன்னு இட்டு தா" என்று அவர் குனிந்தால், இவள் நாக்கைத் துருத்திக்கொண்டு முழு மூச்சாக வேலையில் இறங்குவாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாண்டிகசாலையில் ஒருத்தி விடாமல் எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டேன்.

ஓணம் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று சிஸ்டரின் அறையில் போய் நின்றோம். அவள் சட்டையைத் திறந்துவிட்டு, "போடு, பாக்கலாம்" என்றேன். அவள் கீழே குனிந்து பார்த்தாள். ஒரு பொத்தானைப் பிடித்தாள்; அது நழுவியது. ஓட்டையைப் பிடித்தாள், பொத்தானைக் காணவில்லை. எந்தக் கையால் எதைப் பிடிப்பதென்றே தெரியாமல் இரண்டு கையும் முட்டிக்கொண்டன. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராகக் கதவருகே நின்ற பியூனிடம் போனாள். காக்கிச் சட்டையின் மேல் பொத்தானை ஒரே தடவையில் மாட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். ‘ஹாஜர்’ என்பதுபோல நிமிர்ந்து நின்றாள்.

பியூன் சிரித்தார். சிஸ்டரும் வாயைப் பொத்திக்கொண்டார். "சொந்தம் உடுப்பல்லே இடேண்டது?" என்று மெதுவாகக் கேட்டார். சொந்தச் சட்டையை அல்லவா போடவேண்டும்? எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஆனால் அந்தப் பியூனின் பொத்தான் எங்களுக்கு ஒரு உதவி செய்தது. இவளுக்கு வரும், இன்னும் கொஞ்சம் பழக்குங்கள் என்று துலாமழை வரைக்கும் சிஸ்டர் தவணை கொடுத்தார். ஐப்பசியில் மத்தியானத்துக்கு மேல் இடியோடு வரும் மழைக்கு அங்கே அந்தப் பெயர். அதற்கு ஒரு மாதம்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சேச்சி எட்டிப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் போடுவா, தனக்குப் போட மாட்டாளாக்கும்! எல்லாம் உங்க செல்லம்!" என்று அவரைப் பிடித்துக் கத்தினேன். அவர் மகளை எதிரே உட்கார வைத்து, அவள் சட்டையைத் தானே போட்டுவிடப் போனார். அந்த வேலையை எட்டு வருடத்தில் அவர் ஒரு நாளும் செய்ததில்லை, நான்தான் விட்டதில்லையே. இரண்டாவது பொத்தானில் அவர் கையும் தடுமாறியது. தன் சட்டைப் பொத்தானைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். மறுபடியும் அவள் சட்டையைப் பிடித்தார்.

"ஏ புள்ள, இங்க வா. எனக்கே கை மாறிப் போகுது" என்றார். "எதிர்த்தாப்புல இருந்து போட்டா எல்லாம் தலைகீழு. நம்ம இவளுக்கு அடுத்தவன் சட்டையப் போடத்தானே சொல்லிக் கொடுத்திருக்கோம்!"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். அழுகையும் கூடவே வந்தது. இரண்டு மாதம் பாடுபட்டு, பிள்ளையைத் தபால்காரருக்குப் பொத்தான் போடப் பழக்கியிருக்கிறோம். நான் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள். வீட்டில் யார் சிரித்தாலும் அவள் காரணம் கேட்பதில்லை.

மறுநாளிலிருந்து அவர் அவளைத் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் முகம் ஒரே பக்கம். அவர் கை பின்னாலிருந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ளும். நான் அவள் சட்டைகளிலிருந்த பொடிப் பொத்தான்களை வெட்டியெடுத்துவிட்டுப் பெரிய பொத்தான்களைத் தைத்தேன். ஓட்டையையும் கொஞ்சம் அகலமாக்கினேன். எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் பொத்தானில் ஆரம்பித்தோம். குனிந்தால் கண்ணுக்கு நன்றாகத் தெரிவது அதுதான்.

ஒருநாள் பொத்தானைப் பாதி நுழைத்திருக்கும்போது அவருக்குத் தும்மல் வந்து கையை எடுத்துவிட்டார். மீதிப் பாதியை அவளே பிடித்து இழுத்தாள். பொத்தான் ஓட்டையைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. அவள் போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அதிலிருந்து அவர் அதையே வழக்கமாக்கிக்கொண்டார். முக்கால்வாசியைத் தான் செய்துவிட்டுக் கடைசி இழுப்பை அவளுக்கு விடுவார். அது கைவந்ததும் பாதியில் விடுவார். பிறகு கால்வாசியில். ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்தவள் அவளாகவே இருந்தாள். தோற்றுப்போய் எழுந்த நாளே கிடையாது. நான் என்றால் முதல் பாதியை அவளிடம் கொடுத்து, அவள் திணறியதும் பிடுங்கி முடித்திருப்பேன். அதைத்தானே அத்தனை வருடமும் செய்தேன்.

எனக்கு அவர் ஒரே ஒரு வேலைதான் கொடுத்தார். "கையப் பின்னால கட்டிக்கிட்டு உக்காரு. அவ்வளவுதான்." அதைவிடக் கஷ்டமான வேலை அந்த மட்டாஞ்சேரியில் ஒன்று இருந்திருக்காது. அவள் ஒரு பொத்தானோடு மல்லுக்கட்டுகிற நேரத்தில் நான் ஒரு முறம் சுக்கு பிரித்துவிடுவேன். விரல் துடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பேன். ஒரு நாள் கை தானாக முன்னால் வந்துவிட்டது. அவள் அதை ஒரு தட்டுத் தட்டி, "ஞான்" என்றாள். நான் என்று தமிழில் அவள் சொன்னதே இல்லை. பள்ளிக்கூடத்தில் கற்ற மலையாளத்தில்தான் அந்தச் சொல் முதலில் வந்தது. எனக்கு அடி வாங்கியதுகூட இனித்தது.

ஐப்பசி வந்தது. நாலு பொத்தான் வந்துவிட்டது. கழுத்துப் பொத்தான் மட்டும் தாடைக்குக் கீழே ஒளிந்துகொண்டு பிடிபடவே இல்லை. அதற்குள் ஒரு மத்தியானம் வானம் கருத்து, பாண்டிகசாலை முற்றத்தில் காய்ந்த சுக்கை எல்லோரும் வாரி உள்ளே போடும்படி இடி இடித்தது. என் மனம் சுக்கில் இல்லை. பிள்ளைகள் இந்நேரம் மைதானத்தில் இருப்பார்களே, நனைந்திருப்பாளே, கழற்றியிருப்பாளே என்று ஓடிக்கொண்டிருந்தது. வேலை முடிந்ததும் பள்ளிக்கூட வாசலுக்கு விரைந்தேன். மழை விட்டிருந்தது.

பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். அவள் கடைசியில் வந்தாள். ஈரச் சட்டை பையிலிருந்து பாதி தொங்கியது. உடம்பில் உலர்ந்த சட்டை. ஐந்து பொத்தானும் மாட்டியிருந்தது. ஆனால் கீழிருந்தே ஓர் ஓட்டை தள்ளி மாட்டியிருந்ததால் காலர் ஒரு பக்கம் காது வரைக்கும் ஏறியிருந்தது. மறு பக்கம் வால் தொங்கியது. உச்சியில் நாலாவது பொத்தான் புகுந்திருந்த அகல ஓட்டைக்குள்ளேயே கழுத்துப் பொத்தானும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பின்னால் டீச்சர் வந்து, "ஆரும் தொட்டில்ல, கேட்டோ" என்றார். யாரும் தொடவில்லையாம். சிஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்து என்னிடம் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் அந்த வருடம் முழுக்க எங்களுக்குக் கிடைத்துவிட்டது.

என் கை இரண்டும் அந்தச் சட்டையை நோக்கிப் போனது. அவிழ்த்துச் சரியாக மாட்ட எனக்கு அரை நிமிஷம் போதும். அவள் நெஞ்சைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

கடைத்தெரு வழியாக நடந்தோம். சாயாக்கடைச் சேட்டன் பார்த்துவிட்டு, "ஐயோ, மோளுடெ பட்டன் தெற்றிப்போயல்லோ! அம்மே, நோக்கியில்லே?" என்று பொத்தான் மாறிப்போனதைக் காட்டிக் கத்தினார்.

"தெரியும் சேட்டா. அவளே போட்டது. அப்படியே இருக்கட்டும்" என்றேன். என் குரலில் இருந்த திமிர் எனக்கே கேட்டது.

காலர் காதைத் தொட, அவள் எனக்கு முன்னால் தலை நிமிர்ந்து நடந்தாள். வீடு வந்து சேரும்வரை நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டே போனேன்.