மீட்டரைக் கையில் கொடுத்தவர்

தாமோதரன் இறந்த செய்தியை அவருடைய மகள் அஞ்சலட்டையில் நான்கு வரிகளாக எழுதியிருந்தாள். கல்லூரி ஆய்வகத்தில் நின்றபடியே படித்தேன். பிறகு வகுப்புக்குப் போய் அன்றைய இயற்பியல் பாடத்தை நடத்தி முடித்தேன். அவரை அறிந்தவர்கள் இதைத் தவறாக நினைக்கமாட்டார்கள்.

கதிரியக்கம் படிந்த இடங்களைச் சுத்தம் செய்து மூடுவது அவர் வேலை. இருட்டில் ஒளிரும் கடிகார முகங்களுக்கு ரேடியம் பூசிய பட்டறை ஒன்று திருத்தணிக்கு வெளியே மூடப்பட்டபோது, கதிரியக்கத்தை அளவெடுக்க என்னையும் அழைத்தார். சுரண்டிய தூசி, துடைத்த துணி, பெயர்த்த பலகை எல்லாம் பீப்பாய்களுக்குள் போயின. "கண்ணுக்குச் சுத்தமா தெரியறது சுத்தம் இல்லைங்க" என்பார். சாப்பாட்டுக்கு முன் எல்லோரும், உடம்பில் தூசி ஒட்டியிருந்தால் சத்தம் போடும் மீட்டர் முன்னால் நிற்க வேண்டும். முதலில் அவர் நிற்பார்.

ஒருநாள் தரை துடைக்கும் வள்ளியம்மா மீட்டர் முன்னால் வரவில்லை. தேடிப் போனால் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வெக்கை தாங்காமல் தொப்பியைக் கழற்றியிருக்கிறாள்; எண்ணெய் தடவிய கூந்தலில் தூசி ஒட்டிக்கொண்டது. இரண்டு முறை அலசியும் மீட்டர் விடாமல் அடித்தது. முடியை வெட்டவேண்டும் என்றோம்.

"புள்ளைக்கு ஜுரம் எறங்கணும்னு மலைக்கு வேண்டிக்கினு வளக்கறேன் நைனா. அத்த பீப்பாயில போட்டா சாமிக்கு இன்னா குடுப்பேன்?"

எனக்கு வேண்டுதல்களில் நம்பிக்கை கிடையாது. ஆபத்து என்று கண்டிப்பாகச் சொல்லி வெட்டிவிடலாம் என்றேன்.

"இன்னைக்குத் தலையாட்டுவா, நாளைக்கு மறுபடி ஒளிஞ்சுக்குவா மேடம்" என்றார் தாமோதரன். மீட்டரை அவள் கையில் கொடுத்தார். "நீயே புடிச்சுப் பாரும்மா. எங்க கத்துது?"

பின்னலின் மேல் பிடித்தாள். கத்தியது.

"தலையோட ரெண்டு விரக்கடை முடி விட்டு வெட்டுவோம். மிச்சத்தை நீயே பாரு. அடங்கலன்னா நானே மலையேறி பதில் சொல்றேன்."

"நீங்களா? கோயில் படியே மிதிக்கமாட்டீங்களே" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வெட்டிய பின்னலை அவளே பீப்பாயில் போட்டாள். தலையை மறுபடி அலசிவிட்டு, நெற்றியிலிருந்து பிடரிவரை மீட்டரை மெல்ல நகர்த்தினாள். தூசியில்லாத வெறும் சுவருக்கு அடித்த அளவுதான் அடித்தது. நம்பாமல் இன்னொரு முறையும் பார்த்தாள்.

"முடி இவ்ளோதான் இருக்குது. சாமிக்குப் போதுமா?"

"நீளமா வேணும்னு சாமி கேட்டாரா?"

அடுத்த வாரம் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்தாள். எங்கள் இருவருக்கும் பிரசாதம் நீட்டி, "இத்தயும் மீட்டர்ல காட்டணுமா நைனா?" என்று கேட்டாள். அவர் வாங்கிச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். வேலை முடிந்து பட்டறையைப் பூட்டும் நாள்வரை அங்கே யாரும் ஒளிந்துகொள்ளவில்லை.

ஆய்வகத்தில் பயந்து தயங்கும் மாணவிகளிடம் "பயப்படாதே" என்று நான் சொல்வதில்லை. மீட்டரைக் கையில் கொடுத்துவிட்டு, இரண்டாவது முறையும் பார்த்து முடிக்கும்வரை காத்திருக்கிறேன். தாமோதரனிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது.