கியூபாக்காரரின் முதுகு

அந்த அட்டையை மூக்கருகே கொண்டுபோனால் முதலில் ஏலக்காய் மணக்கும், அதற்கடியில் பூஞ்சணம், அதற்கும் அடியில் லய வரிசையில் எங்கள் ஒற்றையறை வீடான 'காம்பரா'வின் அடுப்புப் புகை. இசைத்தட்டு ஒன்றின் உறை அது. இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருடம் எங்கள் வெள்ளைக்காரத் துரை சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊர் போனபோது, அவர் வேண்டாமென்று ஒதுக்கிப் போட்டவற்றிலிருந்து தட்டும் உறையுமாக அதை எடுத்து, பங்களாவில் சமையல் பார்த்த 'அப்பு' என் சித்தப்பா முத்துசாமியிடம் கொடுத்தார். திருடிய பொருள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று சித்தப்பா அதை ஏலக்காய்ச் சாக்குக்குள் செருகி வைத்தார். அடுத்தவன் வீசியெறிந்ததை வைத்துக்கொள்ளக்கூடப் பயப்படுகிற சனமாக எங்களை ஆக்கி வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உறையின் முன்பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு கறுத்த மனிதர், கையில் சின்னக் குச்சியோடு, நமக்கு முதுகைக் காட்டி நிற்பார். அவருக்கு முன்னால் வயலினும் குழலும் மேளமுமாக ஒரு பெருங்கூட்டம் அவர் முகத்தையே பார்த்திருக்கும். பின்பக்கம் முழுக்க இங்கிலீசு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான் என்பதால், பள்ளிக்கூடத்து அகராதியை இரவல் வாங்கி வந்து, ஒவ்வொரு சொல்லாக அதை உடைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கியூபாவில் கரும்பு வெட்டும் கூலி ஒருவருக்குப் பிறந்தவராம் அவர். ஊர் பாண்டுக் கோஷ்டியில் கிளாரினெட் ஊதப் பழகி, படக் கொட்டகையிலும் நடன மண்டபத்திலும் வாசித்து, கடைசியில் தலைநகரத்தில் ஒரு பெரிய வாத்தியக்குழுவையே நடத்தி, சொந்தமாக மெட்டும் அமைத்தவராம். கரும்பு வெட்டுகிறவர்கள் தட்டும் மேளத்துக்குப் பெரிய மண்டபங்களில் இடமில்லாத காலத்தில், அந்த மேளத்தைக் கொண்டுபோய் வயலின்களுக்கு நடுவில் வைத்தாராம். இறக்கச் சொன்னவர்களிடம், அது இறங்கினால் நானும் இறங்குவேன் என்றாராம்.

"கூலியாளு மகனா? நல்லாப் பாத்துச் சொல்லுடா, அப்படியா போட்டிருக்கு?" என்று சித்தப்பா அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வார்.

தட்டு இருந்ததே ஒழிய அதைப் போட்டுக் கேட்க எங்களிடம் மெஷின் ஏது? இரத்தோட்டை பஸாரில் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்த முஸ்லிம் கடைக்காரர், நாங்கள் 'நானா' என்று கூப்பிடுகிறவர்தான், சம்பளச் சனிக்கிழமைகளில் தன் மெஷினில் அதைச் சுழல விடுவார். "முத்து, ஒங்கட மனிசன் இன்டைக்காவது திரும்பிப் பாத்தாரா? இல்ல, இன்னமும் மொதுகுதானா?" என்று அவர் சீண்ட, "அவரு வேலையில இருக்காருங்க நானா, தொந்தரவு பண்ணாதீங்க" என்பார் சித்தப்பா.

தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் 'ஸ்டோர்' என்போம். அங்கே கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்த சித்தப்பாவும் ஒரு கோஷ்டி வைத்திருந்தார். ராயப்பன் மாமா வயலின், ஒருவர் ஹார்மோனியம், ஒருவர் மவுத்ஓர்கன், இன்னொருவர் பொங்கோஸ். சினிமாப் பாட்டை விட்டுவிட்டு அந்த வருடம் அவர் தானாகவே ஒரு மெட்டுக் கட்டினார். அது தப்பு மேளத்தில் தொடங்கும். சாவுக்கும் திருவிழாவுக்கும் அடிப்பார்களே, அதே தப்பு. கோயில் மேடையில் அதை ஏற்றுவதா என்று எங்கள் ஆட்களே முகம் சுளித்தார்கள். மேட்டு லயம், பள்ளத்து லயம் என்று எங்களுக்குள்ளேயே சாதிக் கோடு கிழித்துக்கொண்ட புத்திசாலிகள் அல்லவா நாங்கள்! தப்படிக்கிற காளிமுத்து அண்ணன் ஏறாத மேடையில் தானும் ஏறப்போவதில்லை என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அந்த மெட்டைச் சனத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை முழுசாக வாசித்துவிட வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

கோயில் திருவிழா அன்று மேடைக்கு முன்னால் முதல் வரிசைக் கதிரைகளில் புதுத் துரை, அவர் மனைவி, தொழிற்சங்கத்துத் தலைவர், பெரிய கணக்கப்பிள்ளை. பின்னால் சாக்கு விரித்து நாங்கள். தேயிலைக் குச்சி ஒன்றைப் பட்டை உரித்து வழவழப்பாக்கி வைத்திருந்த சித்தப்பா, மேடையேறிக் கும்பிட்டு, படத்திலிருந்த மனிதரைப் போலவே எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, குச்சியை உயர்த்தினார். தப்பு அதிர்ந்தது. அதன்மேல் வயலின் ஏறிய நேரம் என் கை மயிர் சிலிர்த்தது. துரை பக்கத்திலிருந்த கணக்கப்பிள்ளையைப் பார்த்தார், அவ்வளவுதான். கணக்கப்பிள்ளை பாய்ந்து மேடையேறி, சித்தப்பாவின் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"யாருக்குடா முதுகக் காட்டுற? கீழ தொர உக்காந்திருக்காரு, தெரியலையா?"

"தொரைக்கு முதுகு காட்டலீங்க. வாசிக்கிறவங்களுக்கு மொகத்தக் காட்டுறேன்."

வாத்தியம் நின்றது. மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் 'பெரட்டு'க் களத்தில் அவருக்குப் 'பேரு போடல', அதாவது வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அடுத்த நாளும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. சித்தி அப்போது ஏழு மாதம். எங்கள் சம்பளத்தில் சந்தா வெட்டிக்கொள்ள மட்டும் தெரிந்த தலைவர், "தம்பி, இதெல்லாம் ஒரு பிரச்சினையா? மன்னிப்புக் கேட்டுட்டுப் போயேன்" என்றார். "நிமிந்த மரந்தான் காத்துல முறியும்" என்று என் அப்பா உட்படப் பெரியவர்கள் எல்லாரும் ஓதினார்கள். குனியக் குனியக் குட்டுவான் என்பதும் இதே பெரியவர்கள் சொன்னதுதானே? அது ஏன் ஒருவர் வாயிலும் அன்றைக்கு வரவில்லை?

மன்னிப்பு மட்டும் போதவில்லை. பங்களாவில் விருந்து வைக்கிற அன்று அதே மெட்டை, முகத்தைக் காட்டி வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. தப்பைப் பங்களாவுக்குள் கொண்டு வரவும் கூடாது. சித்தியின் வயிற்றைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா போனார். வேலிக்கு வெளியே நின்று நாங்கள் பார்த்தோம். விருந்தாளிகளைப் பார்த்தபடி வாயை இழுத்துச் சிரித்துக்கொண்டு அவர் குச்சியை ஆட்ட, அவர் முகம் தெரியாமல் பின்னால் வயலின் ஒரு பக்கம் போக, ஹார்மோனியம் இன்னொரு பக்கம் போக, மெட்டு சிதறி விழுந்தது. துரை எழும்பி நின்று கை தட்டினார்.

இறக்கத்தில் வரும்போது சித்தப்பா சொன்னார்: "பாத்தியாடா? கெட்டுப் போனதுகூட அவங்களுக்குத் தெரியல."

பேர் போட்டார்கள். ஆனால் அவர் குச்சியைத் தொடவேயில்லை. பிள்ளை பிறந்த கையோடு, எங்கள் சனத்தை அனுப்ப இரண்டு அரசாங்கங்களும் போட்டிருந்த ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போட்டுக்கு எழுதிப்போட்டுத் தலைமன்னாரில் கப்பல் ஏறினார். ராயப்பன் மாமாவும் மற்றவர்களும் முன்னும் பின்னுமாகப் போனார்கள். "தட்டு எனக்கு, எழுத்து ஒனக்கு" என்று உறையை மட்டும் என்னிடம் தந்தார். கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலைதான் என்று கேள்வி. பிறகு அந்தக் கேள்வியும் நின்றுபோனது. போகாமல் இங்கேயே இருந்த காளிமுத்து அண்ணன், கலவரத்தில் லயங்களுக்கு நெருப்பு வைத்த வருடம் காட்டுக்குள் ஓடி, திரும்பி வரவில்லை.

இப்போது நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். தோட்டம் மறுபடியும் கம்பெனி கைக்குப் போய்விட்டது. நானாவின் கடையில் அவர் மகன் வீடியோ கசெட் வாடகைக்கு விடுகிறார். மேடைக்கு முன்னால் முதல் வரிசைக் கதிரைகள் மட்டும் போட்ட இடத்திலேயே இருக்கின்றன. ஆடுகிற பிள்ளைகள் அதற்கு முதுகு காட்டாமல் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் என் பல் நறநறக்கிறது.

உறை என்னிடம் இருக்கிறது, ஏலக்காய் மணம் போய்விட்டது. கியூபாக்காரரின் வாழ்க்கை எனக்கு மனப்பாடம். சித்தப்பாவின் முகத்தில் பங்களாச் சிரிப்பு மட்டும்தான் என் நினைவில் நிற்கிறது. அதை அழிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. கோயில் மேடையில் தப்பின்மேல் வயலின் ஏறிய அந்த நேரத்தில் அவர் முகம் எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியாது. நான் கீழே சாக்கில் உட்கார்ந்திருந்தேன். அதைப் பார்த்தவர்கள் அவருக்கு முன்னால் நின்று வாசித்தவர்கள் மட்டுமே. அவர்களில் ஒருவரையும் இந்த மலையில் மிச்சம் வைக்கவில்லை.