அடங்காத மணல்

நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். நம்பச் சொல்லிக் கெஞ்ச எனக்கும் தெம்பில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

காவ்சியுங் துறைமுகத்துக்கு அருகே ஒரு பிசின் ஆலை. அதன் கழிவுநீரைச் சுத்தம் செய்வது என் வேலை. மூன்று மாடி உயர இரும்புத் தூண். உள்ளே மணல். அடியிலிருந்து பம்பு தண்ணீரைத் தள்ளத் தள்ள, மணல் மொத்தமும் மிதந்து புரளும். மணலில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள்தான் நஞ்சைத் தின்பவை. ‘பூச்சி’ என்போம். பம்பு நின்றால் மணல் அடங்கிவிடும், பூச்சி மூச்சுமுட்டிச் சாகும். மறுபடி வளர்க்க மூன்று மாதம். அதுவரை ஆலைக்குப் பூட்டு. எங்கள் சோற்றில் மண்.

அன்று புயல். சீனக் கணக்கில் ஏழாம் மாதம் வேறு. பேய்கள் ஊருக்குள் உலாவும் மாதம். முந்தின இரவுப் பணிக்காரர் வராததால் இரவும் பகலும் நானே நின்றேன். கண் எரிந்தது. கால் மரத்துப் போயிருந்தது.

மாலையில் விளக்குகள் அணைந்து, மறுபடி எரிந்தன. ஓடிப்போய்த் தூணில் காதை வைத்தேன். நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். முறத்தில் அரிசி புடைப்பது போலச் சத்தம். அப்பாடா, மணல் புரள்கிறது.

ஆனால்... காலடியில் தரை அதிரவில்லை. பம்பைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

இடுப்பில் வாக்கி டாக்கி கரகரத்தது.

“நீ தூங்கு. நான் தாங்கிக்கிறேன்.”

“யாரு?”

கர்ர்ர்...

“கை வலிக்குது. எப்ப ஆள் மாத்துவீங்க?”

“எட்டு மணிக்கு” என்று மட்டும் வாயில் வந்தது.

எட்டு மணிக்கு என்னை மாற்றிவிட யுங்-தியான் சொட்டச் சொட்ட நனைந்து வந்தான்.

“என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

சொன்னேன். சிரித்தான்.

“ராத்திரி பகலா முழிச்சா செத்துப்போன என் தாத்தாகூடப் பேசுவாருண்ணே!” வாக்கி டாக்கியைப் பிடுங்கினான்.

“டேய், வேணாம்டா!”

“ஹலோ! ஸு யுங்-தியான் வந்தாச்சு. இனிமே என் முறை. நீங்க கெளம்பலாம்!”

அந்த மாதத்தில் முழுப்பெயரை யாரும் உரக்கச் சொல்வதில்லை. சொன்னால் பேய் பிடித்துக்கொள்ளும்.

மறுமுனையில்... நீண்ட, நிம்மதியான ஒரு பெருமூச்சு.

“கிளம்புடா, போயிடலாம்” என்று அவன் கையை இழுத்தேன்.

“பூச்சி செத்தா யாருண்ணே பதில் சொல்றது?”

அவன் வரவில்லை.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். விளக்கு அணைந்தபோதே பம்பின் தண்டு இரண்டாக முறிந்திருக்கிறது. மணல் மட்டும் இன்னும் புரள்கிறதாம்.

யுங்-தியானைக் காணோம். ஸ்கூட்டர் வாசலில். செருப்பு தூணடியில்.

“தூணைத் திறந்து பாருங்க சார்.”

“திறந்தா மணல் அடங்கிடும்யா. பூச்சி செத்துடும். ஓடுற வரைக்கும் ஓடட்டும்.”

அவனுடைய அம்மா தினமும் ஆலை வாசலில் வந்து நிற்கிறாள். வெளியே வரும் தண்ணீர் முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது. தூணை இன்றுவரை திறக்கவில்லை.