பந்திப் பாட்டு

சேரன்மகாதேவியைத் தாண்டி, ஆற்றங்கரையோரம் இருக்கும் ஏழெட்டு ஊர்களிலும் கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் முதலில் தேடுவது கோமுவைத்தான். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவள். வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்த இரண்டு வருடத்தில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் நான்கு குழாய் ஸ்பீக்கரும் வாங்கி மைக் செட்டு வைத்துவிட்டாள். வேலைக்கான கடிதம் வந்தபோது அதைப் பிரித்துப் பார்க்கவே அவளுக்கு நேரமில்லை. நாற்பத்தாறு வயதிலும் தென்னையில் ஏணி சாய்த்துக் குழாய் கட்டுவது அவளேதான். பாட்டெல்லாம் பென் டிரைவில் இருக்கிறது. எந்த நேரத்துக்கு எது என்பது மட்டும் அவள் தலையில். பெண் அழைப்புக்கு ஒன்று, தாலி ஏறியதும் ஒன்று. இலை போட்டுவிட்டால் பந்திப் பாட்டு. அது காதில் விழுந்தால் அடுத்த தெருக்காரர்கூடத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அதனால்தான் சினிமாக்காரர்களும் அவளிடம் வந்தார்கள். கல்யாணக் காட்சி எடுக்க சித்ரலேகா டீச்சர் தன் வீட்டைக் கொடுத்திருந்தாள். அடுத்த மாதம் நிஜமாகவே அதே வாசலில் அவள் மகளுக்குக் கல்யாணம்.

இயக்குநர் கணேஷ்ராம் சென்னையில் வளர்ந்தவன். படத்துக்கு இசையமைப்பாளர் இருந்தார். ஆனாலும் இந்தக் காட்சிக்கு மட்டும் ஒரு பழைய பாட்டு, குழாயிலிருந்து கிளம்பி எதிர்வீட்டுச் சுவரில் மோதித் திரும்பும் ஓசையோடு வேண்டும் என்று ஆசைப்பட்டான். பாட்டையும் அவனே வைத்திருந்தான். படப்பிடிப்பன்று செல்போனில் அதைப் போட்டதும் கோமு கைநீட்டிச் சத்தத்தைக் குறைத்தாள்.

“இத இந்த வீட்ல போடக்கூடாது தம்பி.”

“ஏங்க்கா? காதல் பாட்டுதானே. எனக்கு உயிரு இது.”

“நல்ல பாட்டுதான், யாரு இல்லன்னா? ஆனா எங்க பக்கம் பாடை தூக்கும்போதுல்லா இதப் போடுதோம். முன்னால ஒரு டாக்டர் இருந்தாரு. அவருக்குப் பிடிச்ச பாட்டுன்னு அவரு சாவுல போட்டாவ. ஊரே அழுதுட்டு. அதுலேருந்து எல்லாரும் எங்க வீட்டுக்கும் அதான் வேணும்னுட்டாவ.”

“படம் பார்க்கிறவங்களுக்கு இதெல்லாம் தெரியாதேக்கா.”

“அவிய கெடக்கட்டும். இப்ப இதக் குழாயில விட்டா அக்கரையிலேருந்து மாலையோட வந்து நிப்பாவ. கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது இந்த வாசல்ல அது கேக்கலாமா?”

சித்ரலேகா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டைத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று, இனி மறுக்க முடியாது. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கோமு அதைப் பார்த்தாள்.

படத்தின் மானேஜர் தேவசிகாமணி குறுக்கே வந்தார். “முடியாதுன்னா சொல்லும்மா. டவுண்லேருந்து வேற செட்டு வந்திரும்.”

“வரட்டும் அண்ணாச்சி. நான் கட்டின குழாயில இது வராது.”

கணேஷ்ராமுக்கு முகம் சுருங்கியது. “சரி, இப்போதைக்கு வேற எதையாவது போடுங்க. வெளிச்சம் பார்க்கணும்” என்று கேமராவை ஓடவிட்டான். உறவுக்கூட்டமாக உட்காரவைக்கப்பட்ட ஊர்க்காரர்கள் நூறு பேர் காலையிலிருந்து பந்தலில் இருந்தார்கள். மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. கோமு பந்திப் பாட்டைப் போட்டாள்.

முன்வரிசையில் இருந்த ஊர்ப் பெரியவர் மாடக்கண்ணு எழுந்து துண்டை உதறினார். “ஏலே எந்திரி, இலை போட்டாச்சு” என்று பின்னாலிருந்து ஒரு குரல். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் ஏற்றினார்கள். முதல் சரணம் முடிவதற்குள் பந்தல் முழுவதும் கொல்லைப்பக்கம் நகர்ந்துவிட்டது, முந்தி இடம் பிடிக்க ஓடுகிறவர்களும், மாமியாரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறவர்களுமாக. கணேஷ்ராம் மூச்சுவிடாமல் ஒளிப்பதிவாளரின் தோளைப் பற்றிக்கொண்டு நின்றான்.

கொல்லையில் விளக்குப் பெட்டிகள்தான் இருந்தன.

“இலை எங்கவே?” என்றார் மாடக்கண்ணு.

“இது ஷூட்டிங் அண்ணாச்சி. சாப்பாடு மூணு மணிக்கு” என்றார் தேவசிகாமணி.

“சோறாக்காம பாட்டு மட்டும் போடுவீரோ? நல்ல கல்யாணம்வே ஒம்ம கல்யாணம்.”

கணேஷ்ராம் கோமுவிடம் ஓடிவந்தான். “அக்கா, இன்னொரு தடவை. வேற பக்கத்திலிருந்து எடுத்துக்கிறேன்.”

“போடுதேன். எந்திரிக்க மாட்டாவ.”

அப்படியே ஆயிற்று. பொய் சொன்னவனைப் பார்ப்பதுபோல எல்லோரும் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோமுவுக்குத் தாங்கவில்லை. பாட்டை நிறுத்தினாள்.

“தம்பி, நான் போட்ட பாட்டுக்கு இலை விழாம இருந்ததே கெடையாது. மொதல்ல இவியளுக்குச் சோறு போடச் சொல்லுங்க.”

அவன் எடுத்ததைத் திரும்பப் போட்டுப் பார்த்தான். கரகரக்கும் குழாய், உதறும் துண்டுகள், அந்த ஒரே நகர்வு. இசையமைப்பாளருக்குப் போன் செய்து, “இந்த இடத்துல நீங்க எதுவும் வாசிக்க வேண்டாம் சார், ஊர்ப்பாட்டே இருக்கட்டும்” என்றான். தன் பாட்டைப் பற்றி அதற்குப்பின் அவன் வாய் திறக்கவில்லை. படப்பிடிப்புக் குழுவுக்கு வந்த சாப்பாடு முழுவதும் பந்திக்குப் போயிற்று. கோமு மறுபடி பாட்டைப் போட்டாள். மாடக்கண்ணு இந்தத் தடவை எட்டிப்பார்த்து, இலையைக் கண்ணால் கண்டபிறகுதான் எழுந்தார்.

சாயங்காலம் அவள் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது சித்ரலேகா காப்பியோடு வந்தாள். “குழாயக் கழட்டலயா கோமு?” என்று கேட்டாள்.

“ஒங்க மவ கல்யாணம் முடியட்டும் டீச்சரம்மா. அங்கனயே கெடக்கட்டும்.”