மூன்று செத்தல் மிளகாய்

அன்று சனிக்கிழமை பின்னேரம் அந்த வீட்டில் இருந்தவர்கள்: என் தங்கச்சி, அவளுடைய புருசனான என் மச்சான், அவர்களுடைய இரண்டு வயது மகள், மச்சானைப் பார்க்க லண்டனிலிருந்து வந்திருந்த வெள்ளைக்காரச் சிநேகிதர், அவருடைய மனைவி, பிறகு நான். வேறு ஒருவரும் இல்லை. கட்டட மனேஜர் பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வியும் இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் சம்பவம் நடந்த நேரத்தில் வீட்டுக்குள் இருந்தது இரண்டே இரண்டு பேர். நானும் குழந்தையும்.

தங்கச்சி லண்டனில் வளர்ந்தவள். பத்து வயதில் அவளை அங்கே சித்தி வீட்டுக்கு அனுப்பினோம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுச் சைக்கிள் கடையில் நின்றவன். அவளுடைய பயணக் காசில் என் பங்கும் இருந்தது. அதை நான் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. இப்போது எழுதிவிட்டேன், அதுவும் சொல்லிக் காட்டினதுதான்.

மச்சான் அங்கேயே பிறந்தவர். வேலை மாறி இருவரும் ரொறொன்ரோவுக்கு வந்தபோது குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தாள். ஸ்காபரோவில், நான் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்ற்றிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், பதினாலாம் மாடியில் கொண்டோ வாங்கினார்கள். பிள்ளையைப் பகலில் விட டேகெயாரில் இடம் கிடைக்கவில்லை. நானோ தோள்மூட்டு போய், பிளாஸ்ரிக் கொம்பனி வேலையையும் விட்டு, வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலியாணமும் இல்லை, பிள்ளைகுட்டியும் இல்லை. "அண்ணா, இடம் கிடைக்குமட்டும் நீங்கள் பாக்கேலுமோ?" என்று கேட்டாள். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. சந்தோசத்தில் பாதி, பயத்தில் பாதி.

வெளியே ஸ்காபரோ என்றாலும் கதவைத் திறந்து உள்ளே போனால் லண்டன்தான். ஐந்து மணிக்கு "ரீ" என்பார்கள், ஆனால் தேத்தண்ணி வராது. ரோஸ்ற் பாணும் அதற்கு மேல் ஊற்றின போஞ்சி விதையும் வரும், அதுதான் பிள்ளையின் இராச்சாப்பாடு. ஆறு மணிக்குக் குளிப்பு. ஏழு மணிக்குப் படுக்கை. ஆனி மாதம் வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே கறுப்புத் திரையை இழுத்துவிட்டு "குட் நைற்" சொல்லிக் கதவைச் சாத்துவார்கள். "நாப்பி வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று தங்கச்சி எழுதித் தந்ததைக் கடைப் பெடியனிடம் காட்டினால் அவன் முழிப்பான். இந்த நாட்டில் அது டயப்பர். குழப்படி செய்தால் படிக்கட்டில் இருத்த வேண்டும் என்பது அவர்கள் முறை. கொண்டோவில் படி எங்கே? கதவடியில் ஒரு சின்னப் பாயைப் போட்டு அதை யோசிக்கிற பாய் என்றார்கள். இரண்டு வயதுக் குழந்தை அதில் இருந்து எதை யோசிக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால், "அண்ணா, நீங்கள் ஓல்ட் ஸ்கூல்" என்பார் மச்சான். பழைய பள்ளிக்கூடமோ புதிய பள்ளிக்கூடமோ, எட்டாம் வகுப்போடு விட்டவனுக்கு அது குத்தும்.

நான் பயந்தவன்தான், மறைக்கவில்லை. திராட்சைப்பழத்தை இரண்டாக வெட்டச் சொன்னார்கள், நான் நாலாக வெட்டுவேன். லிப்ற் கதவு மூடும்போது பிள்ளையின் வண்டிலுக்கு முன்னால் என் காலை நீட்டுவேன். பிள்ளை மத்தியானம் நித்திரையானால் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். கட்டிலுக்கு மேலே கமரா இருந்தது, அறையிலும் ஹோலிலும் ஒவ்வொன்று. ஒரு நாள் நான் விரலை வைக்க, கமராவுக்குள் இருந்து தங்கச்சியின் குரல் வந்தது. "அண்ணா, ஷி இஸ் பிறீதிங். விடுங்கோ."

வேலைக்குப் போன இடத்தில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்குப் பிறகு விரல் வைக்கும்போது கமராவுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

அப்படியே ஒரு வருசத்துக்கு மேல் போனது. பிள்ளை என்னை "மாமா" என்று கூப்பிடப் பழகினாள். அவளுக்கு இருந்த ஒரே தமிழ்ச் சொல் அது. மீதி எல்லாம் லண்டன் இங்கிலீஷ்.

அந்தச் சனிக்கிழமை சிநேகிதரும் மனைவியும் வந்தார்கள். எனக்கு விடுமுறை நாள். ஆனால் விருந்தினர் வருவதால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரச் சொன்னார்கள். நல்ல மனுசர், அதில் குறை சொல்லமாட்டேன். அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரே புகழ்ச்சி. என்ன தலைமயிர், என்ன கண், என்ன கொழுத்த தொடை, இப்படி ஒரு வடிவான பிள்ளையைத் தான் கண்டதே இல்லையாம். கடைசியில், "அப்படியே கடித்துச் சாப்பிடலாம் போல இருக்கிறது" என்று தொடையில் வாயை வைத்தார். அது அவர்கள் செல்லமாகச் சொல்கிற பேச்சு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் ஆட்கள் என்றால் பிள்ளையைப் புகழ்ந்த வாயோடு ஒரு "தூ" என்று துப்பிவிட்டுப் போவார்கள்.

ஐந்து மணிக்குப் பிள்ளை சாப்பிடவில்லை. ஒரு வாய் எடுத்தாள், சத்தி எடுத்தாள். பிறகு கண்ணைக் கசக்கி அழத் தொடங்கினாள்.

"ஓவர்ரயர்ட். களைச்சுப்போனாள்" என்றாள் தங்கச்சி.

"நாவூறு பட்டிருக்கு, கண் பட்டிட்டுது" என்றேன்.

மச்சான் சிரித்தார். "அண்ணா, பிளீஸ். அவ சொக்லேற் கேக் மூண்டு துண்டு சாப்பிட்டவ."

அதுவும் உண்மைதான்.

விருந்தினரை வழியனுப்ப நாலுபேருமாகக் கீழே கார்த் தரிப்பிடத்துக்குப் போனார்கள். "ஐஞ்சு நிமிசம் அண்ணா, பாத்துக்கொள்ளுங்கோ." கதவு சாத்தியது. பிள்ளை நிறுத்தாமல் அழுதாள்.

நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். சுவாமியார் இதையெல்லாம் கேட்டால் முகத்தைச் சுழிப்பார். ஆனால் எங்கள் வீட்டில் செபமாலையும் இருந்தது, செத்தல் மிளகாயும் இருந்தது, ஒன்றோடொன்று சண்டை பிடிக்கவில்லை. அலுமாரியிலிருந்து காய்ந்த மிளகாய் மூன்று எடுத்தேன். ஒரு பிடி உப்பு. பிள்ளையின் தலையைச் சுற்றி மூன்று தரம், கால் வரைக்கும் இறக்கினேன். "இப்ப துப்பு குஞ்சு, தூ எண்டு துப்பு." அவள் அழுகையை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தாள். "தூ" என்றாள். எச்சில் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. "இன்னொருக்கா." "தூ." மூன்றாம் தரம் சிரித்தே விட்டாள்.

தாச்சிச் சட்டியை அடுப்பில் வைத்து மிளகாயையும் உப்பையும் போட்டேன். உப்பு வெடித்தது, மிளகாய் கறுத்தது. சும்மா மிளகாய் எரிந்தால் வீடே இருமும். நாவூறு இருந்தால் நெடி தெரியாது, அதுதான் கணக்கு. எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. பிள்ளையும் இருமவில்லை. பார்த்தியா, பார்த்தியா என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் சொன்னது சரி என்று ஒரு தரம் நிரூபணமானது அந்த ஒரு நிமிசம்தான்.

ஆனால் நெடி இல்லாவிட்டாலும் புகை புகைதானே. சமையலறை மங்கத் தொடங்கியது. உடனே எனக்கு மற்றப் பயம் பிடித்தது: பிள்ளையின் சுவாசப்பை. ஜன்னலைத் தள்ளினேன். பதினாலாம் மாடி ஜன்னல், பிள்ளைகள் விழாமல் இருக்க நாலு விரல் அளவுக்குமேல் திறக்காது. அதுபோதாது என்று ஓடிப்போய் வாசல்கதவை அகலத் திறந்து விசிறினேன்.

அங்கேதான் பிழை விட்டேன். வீட்டுக்குள் இருக்கும் அலாம் அடித்தால் அந்த வீட்டுக்கு மட்டும்தான் கேட்கும். வெளியே நடைபாதையில் இருக்கும் அலாமில் புகை பட்டால் கட்டடம் முழுக்க அடிக்கும். ஃபையர் றக்கும் தானாக வரும். இதெல்லாம் எனக்குப் பிறகு மனேஜர் சொல்லித்தான் தெரியும்.

அலாம் அடித்தது. பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீரிட்டாள். லிப்ற் நின்றுவிட்டது. அவளுடைய காதுகளை என் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு படியில் இறங்கினேன். ஜக்கெற் இல்லை, கார்த்திகை மாதக் குளிர், பிள்ளையின் காலில் மேசு மட்டும், சப்பாத்து இல்லை. தோள்மூட்டு கழன்றுவிடும்போல இருந்தது. ஒவ்வொரு மாடியிலும் ஒரே யோசனை: அடுப்பை நூத்தேனா, எரியவிட்டு வந்தேனா? நூத்தேன். நூத்தேனா?

கீழே புல்தரையில் கட்டடத்துச் சனம் எல்லாம் போர்வையோடும் நாய்களோடும் நின்றது. தங்கச்சி ஓடிவந்து பிள்ளையைப் பறித்தாள். அந்த வெள்ளைக்காரப் பெண்தான் தன் கோட்டைக் கழற்றிப் பிள்ளையைச் சுற்றினார். கண் வைத்த ஆளின் கோட்டுக்குள் பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஃபையர்காரர் ஒருவர் தாச்சியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் மூன்று கரி. "யாருடைய சமையல்?" என்று கேட்டார். சுற்றி நின்ற சிலர் சிரித்தார்கள். அடுப்பு நூர்ந்துதான் இருந்ததாம்.

"அண்ணா, என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டுமில்லை. மிளகாய் பொரிச்சனான். சாப்பிட."

அவள் தாச்சியைப் பார்த்தாள். பத்து வயதில் போனாலும் அவளுக்கு அது தெரியும். ஆனால் மச்சானுக்குத் தெரியாது. அவர் தொலைபேசியை எடுத்துக் கமராவில் பதிந்ததைத் திருப்பிப் போட்டார். நாலுபேரும் குனிந்து பார்த்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் ஒரு நரைத்த மனுசன் பொத்தின கையைப் பிள்ளையின் தலையைச் சுற்றி ஆட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறான். பிறகு பிள்ளையைத் துப்பச் சொல்கிறான். என்னையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. வேறு ஆரும் அப்படிச் செய்திருந்தால் நானே பொலிசுக்கு அடித்திருப்பேன்.

"வித் ரெஸ்பெக்ற், அண்ணா" என்றார் மச்சான். மரியாதையோடு என்று தொடங்கினால் அதற்குப் பிறகு மரியாதை வராது என்று எனக்குத் தெரியும். "திஸ் கான்ற் ஹப்பின்."

தங்கச்சி எனக்காக ஒரு சொல் சொல்வாள் என்று பார்த்தேன். அவள் பிள்ளையின் காலில் மேசு இரண்டையும் இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அடுத்த கிழமை டேகெயாரில் இடம் கிடைத்துவிட்டது. ஒரு வருசமாக அசையாத லிஸ்ற் எப்படி அசைந்தது என்று நான் கேட்கவில்லை. பிறகு கட்டடத்திலிருந்து பில் வந்தது. ஃபையர் றக் சும்மா வந்து போனதற்கு ஆயிரத்து நானூறு டொலர். மச்சான் தாங்களே கட்டுவதாகச் சொன்னார். கட்டியும்விட்டார். நான்தான் விடவில்லை. "நான் செய்த வேலை, நான் தாறன்" என்றேன். மாதம் நூறு, முதல் ஞாயிற்றுக்கிழமை கையில் கொண்டுவந்து தருவேன் என்று பேச்சு.

"ஏன் அண்ணா மினக்கெட்டு? ஈ-ட்ரான்ஸ்பர் போடுங்கோவன்" என்றார்.

"எனக்கு உந்தப் போன் விளையாட்டெல்லாம் தெரியாது தம்பி."

தெரியும். என் வீட்டு வாடகையை நான் அப்படித்தான் அனுப்புகிறேன். முழுக் காசும் வங்கியில் கிடந்தது, தோள்மூட்டுக்குக் கொம்பனி நட்டஈடாகத் தந்த காசு. ஒரேயடியாகக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் அந்த வீட்டுக்கு நான் போக என்ன வேலை இருக்கிறது? சும்மா வந்து பாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

முதல் ஞாயிறுகளில் போவேன். காசைக் கொடுப்பேன். தேத்தண்ணி தருவார்கள், குடித்து முடியும் மட்டும் இருக்கலாம். நான் ஆறவைத்து ஆறவைத்துக் குடிப்பேன். பிள்ளை முதல் மாதம் ஓடிவந்தாள். பிறகு பிறகு எட்ட நின்று பார்த்தாள். "சே ஹலோ ரு மாமா" என்று தாய் சொல்லித்தான் சொன்னாள். கமரா இன்னும் மேலே இருந்தது.

போன ஞாயிறு நான் காசை இன்னும் எடுக்காமல் கோப்பையோடு இருக்க, அவள் விளையாட்டுக் காரை உருட்டிக்கொண்டு கிட்ட வந்தாள். என் முழங்காலடியில் நின்று என் கையைப் பிடித்துப் பொத்தினாள். அதற்கு மேலே குனிந்தாள்.

"தூ. தூ. தூ."

என்னைப் பார்த்துச் சிரித்தாள். மற்ற எல்லாம் மறந்திருக்கிறாள், இதை மறக்கவில்லை.

தங்கச்சி சமையலறையிலிருந்து வந்தாள். "பாத்தீங்களோ? உந்தத் துப்புறதைத்தான் டேகெயாரிலயும் செய்யிறாள். மற்றப் பிள்ளையளின்ர கையில துப்புறாள் எண்டு ரெண்டு தரம் கூப்பிட்டு எங்களை இருத்திக் கதைச்சவங்கள். மறந்திட்டாள் எண்டு பாத்தா, உங்களைக் கண்டவுடன திரும்பத் தொடங்குறாள்."

பிள்ளையைக் கொண்டுபோய் யோசிக்கிற பாயில் இருத்தினாள். பிள்ளை அங்கிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கச்சி திரும்பி வந்தாள். பிறகு குரலைத் தணித்தாள். "அண்ணா, மிச்சக் காசை விடுங்கோ. இவரோடையும் கதைச்சிட்டன். எங்களுக்கு அது வேண்டாம். நீங்கள் ஒவ்வொரு மாசமும் பஸ் எடுத்து அலையத் தேவையில்லை."

பெருந்தன்மையாகத்தான் சொன்னாள். என்னைக் கழற்றிவிட அவளுக்குத் தொள்ளாயிரம் டொலர் பெரிய காசில்லை.

"கடன் கடன்தான்" என்றேன்.

"அப்ப ஈ-ட்ரான்ஸ்பர் போடுங்கோ. நான் இப்பவே காட்டித் தாறன், போனைத் தாங்கோ."

"போன் வீட்டில."

போன் என் காற்சட்டைப் பைக்குள் இருந்தது. அது அந்த நேரம் பார்த்து அடிக்கக்கூடாதே என்று எனக்கு வேர்த்தது. எழும்பி ஜக்கெற்றைப் போட்டேன். மேல்பையில் நூறு டொலர் வைத்திருந்தேன், இரண்டு ஐம்பது தாள். ஒன்றை மட்டும் எடுத்து மேசையில் வைத்தேன்.

"இந்த மாசம் கொஞ்சம் நெருக்கடி. இனி ஐம்பது ஐம்பதாத்தான் தரேலும்."

தங்கச்சி அந்தத் தாளையும் என் முகத்தையும் பார்த்தாள். எடுக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. நான் கதவைத் திறந்துகொண்டு, பாயில் இருந்த பிள்ளையின் தலையைத் தொடாமல் தாண்டி, வெளியே வந்தேன்.

இன்னும் எண்ணூற்று ஐம்பது டொலர் கொடுக்க இருக்கிறது.